ஆடிக்குப் போன கதவுகள்

எனக்கு எல்லாம் தெரியும் என்கிற வியாதி சின்ன வயதிலேயே உண்டு. வாத்தியார் வேலை கிடைத்த பிறகு அது முற்றிப்போனது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன் எதிரில் தினமும் முப்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து, அவன் வாயிலிருந்து வருவதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நாலு வருஷம் இப்படி நடந்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? (எழுதி முடித்ததும் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். "கனக்குற அளவுக்கு உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். அதையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டாள்.)

வியாதி உச்சத்தில் இருந்தது கல்யாணமான முதல் வருஷம். எங்கள் வீடு கேரளத்து மலைப்பக்கம், வண்டன்மேட்டுக்குக் கொஞ்சம் மேலே. அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான். சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம், வீட்டுக்குப் பின்னால் காய் உலர்த்துகிற டிரையர். பெயர்தான் பெரிசு; பார்த்தால் ஓடு போட்ட ஒற்றை அறை. வெளியே அடுப்பில் விறகைத் தள்ளினால் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும், உள்ளே தட்டுத் தட்டாகப் பச்சைக்காய் பரப்பியிருக்கும். சொந்தமாக டிரையர் இல்லாத அக்கம்பக்கத்துக்காரர்களும் அம்மாவிடம்தான் காயைக் கொண்டுவருவார்கள். அம்மா கைப்பட உலர்த்திய காய் நிறம் மங்காது, வாசம் குறையாது என்று ஊரில் பேர்.

என் மனைவி பூங்கொடிக்குச் சொந்த ஊர் கம்பம். அவள் அப்பா, அதாவது என் மாமனார், பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருந்தவர். மாமியார் சீக்கிரமே காலமாகிவிட்டதால், பள்ளிக்கூடம் விட்டதும் பூங்கொடி நேரே பட்டறைக்குத்தான் போவாளாம். மற்ற பெண்பிள்ளைகள் கோலம் பழகிய வயதில் அவள் உப்புத்தாள் பிடித்து லாரிக் கதவு தேய்த்திருக்கிறாள்.

கல்யாணப் பேச்சின்போது மாமனார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். வந்தவர் காற்று வாங்க ஜன்னல் பக்கம் போய்ச் சட்டத்தில் கையை ஊன்றினார். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பெயிண்ட் அப்படியே பெயர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. அவர் அதைக் கீழே போடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயர்ந்து வந்ததைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு கோட்டு இருக்கு தங்கச்சி. ஒரு தடவகூட யாரும் சுரண்டல. மேல மேல அடிச்சிருக்காங்க" என்றார்.

அவ்வளவுதான், இந்த இடம் கைவிட்டுப் போச்சு என்று நினைத்தேன். ஆனால் காப்பியைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "எம்பிள்ளைக்கு உங்க பையனப் புடிச்சிருக்காம். இந்த மழைக்காட்டுல கொண்டுவந்து குடுக்க எனக்கு மனசில்ல. அவ சொன்னதுக்காகத்தான் வந்தேன். எனக்குச் சீர் பேச வேண்டாம், செனத்தி பேச வேண்டாம். எம்பிள்ளை கொஞ்சம் வெவரமானவ. அவ ஒண்ணு சொன்னா இந்த வீட்டுல காது குடுத்துக் கேக்கணும். அம்புட்டுத்தான்."

"தாராளமா கேப்போம்ணே" என்றார் அம்மா. நானும் மண்டையை ஆட்டினேன். ஆட்டுவதற்கென்ன, செலவா?

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் ஆனி பிறந்தது. ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போக மாமனார் வருவார். புதுப்பெண் ஆடி மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை இங்கே கிடந்து வறுபட வேண்டும், அதுதானே வழக்கம். ஒருநாள் பூங்கொடி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்.

"எங்கப்பா வந்தா முதல்ல கதவத்தான் பாப்பாரு. எம் மூஞ்சிய அப்புறந்தான் பாப்பாரு. இந்தக் கதவு இப்படியே கெடந்துச்சுன்னா, இந்த வீட்டுல எம் பேச்சு எடுபடலன்னு முடிவு கட்டிருவாரு. நானாத்தான் உங்கள வேணும்னு சொல்லி வந்தேன். அவரு முன்னாடி நான் தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது."

அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. இவளுக்காக மலையைப் புரட்டலாம், நாலு கதவு என்ன பிரமாதம்? சமையலறைக் கதவு, இரண்டு அறைக் கதவு, பாத்ரூம் கதவு, எல்லாம் அந்த ஜன்னல் மாதிரியே உரிந்துகொண்டிருந்தவை. வாசல் கதவு தேக்கு, பாலிஷ் போட்டது. அதற்கு ஒன்றும் வேண்டாம்.

"நானே அடிக்கிறேன்" என்றேன்.

"நீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியில் இருந்த பயம் அன்றைக்கு எனக்குப் பாசம் மாதிரித் தெரிந்தது.

பிறகு அவள் செய்முறை சொன்னாள். முதலில் பட்டித்தகடு வைத்துப் பழைய பெயிண்ட் முழுவதையும் மரம் தெரியச் சுரண்ட வேண்டும். அப்புறம் உப்புத்தாள், கரடுமுரடானது ஒன்று, நைசானது ஒன்று. துடைத்துக் காயவிட வேண்டும். அடிப்பூச்சாகப் பிரைமர். ஓட்டை உடைசலுக்குப் பட்டி. மறுபடி உப்புத்தாள். அதற்குப் பிறகுதான் பெயிண்ட், அதுவும் மெலிசாக இரண்டு பூச்சு, நடுவில் ஒருநாள் இடைவெளி. "இந்த மழையில கட்ட ஈரம் குடிச்சுப்போய் இருக்கும். ஒவ்வொரு கதவா கழட்டி, அடுப்பங்கரை ஓரமா நிப்பாட்டி மெதுவாக் காய வச்சு அடிக்கணும். நானும் கூட நிக்கிறேன். பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்."

நான் சிரித்தேன். (இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்கே தனியாக ரெண்டு போடலாம்.)

"பூங்கொடி, அது பஸ்ஸுக்கு. வெயில்லயும் மழையிலயும் ஓடுறது. இது வீட்டுக்குள்ள நிக்கிற கதவு. தத்துவம் வேற. உனக்கு எதுக்கு இந்தச் செரமம்?"

பெயிண்டர் மகளிடம் பெயிண்டின் தத்துவம் பேசிய ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும், "வாத்தியாருக்குத் தெரியாததாம்மா? விடு, அவன் பாத்துக்குவான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பூங்கொடி அரிசி களைய எழுந்து போனாள்.

ஆனி கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப்போட்டேன். பரீட்சைத் தாள் இருந்தது, ஸ்கூல் மீட்டிங் இருந்தது, சோம்பேறித்தனம் தாராளமாக இருந்தது. ஆடி பிறக்க ஆறு நாள் இருக்கும்போது தந்தக் கலரில் எனாமல் பெயிண்ட் இரண்டு டப்பாவும், சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கிற அளவுக்குப் பெரிய பிரஷ் ஒன்றும் வாங்கி வந்தேன்.

சுரண்டல் வேலையைச் சீமாறால் முடித்தேன். ஆமாம், சீமாறுதான். கதவைப் பெருக்கினேன். விழ வேண்டியது விழட்டும், விழாதது உறுதியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிறகு பெயிண்ட். மெலிசாக இரண்டு தடவை அடிப்பதற்குப் பதில் தடிமனாக ஒரே தடவை அடித்தால் கணக்கு ஒன்றுதான் என்று வாளியில் முக்கிய மாதிரி பிரஷை முக்கிக் கதவிலும் நிலையிலும் அப்பினேன். பழைய பச்சைச் செதில்கள் பிரஷோடு வந்து, நல்ல வெள்ளைத் தோசையில் கறிவேப்பிலை போட்ட மாதிரி அங்கங்கே பதிந்தன. அவற்றின் மேல் இன்னும் கொஞ்சம் அப்பினேன். சாயங்காலம் விளக்குப் போட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது பளபளவென்றுதான் இருந்தது. எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளாத குறை.

மறுநாள் காயவில்லை. அதற்கு மறுநாளும் காயவில்லை. வெளியே நூல் நூலாக மழை, ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாலு கதவும் பாயசம் மாதிரி நின்றன. அம்மாவின் சேலை முந்தானை ஒரு கதவில் ஒட்டியது, இழுத்ததில் சேலையின் பூப்போட்ட கரை கதவில் பதிந்துவிட்டது. ஈரம் உறிஞ்சட்டும் என்று செய்தித்தாளை வைத்து ஒற்றினேன். தாள் வரவில்லை, செய்தி மட்டும் கதவில் இறங்கியது. பாத்ரூம் கதவில் இரண்டு நாள் உள்ளூர் நிலவரத்தை இடவலம் மாற்றிப் படித்தோம். பூனை உரசிவிட்டுப் போனதில் ஒரு கதவுக்கு மீசை முளைத்தது.

பூங்கொடி திட்டவில்லை. "இப்பவாவது கழட்டிச் சுரண்டிருவோமா? மூணு நாள் இருக்கு. பாதியாவது உருப்படியா இருக்கும்" என்றாள்.

"காயும் பாரு" என்றேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அம்மா கண் டாக்டரைப் பார்க்கக் கட்டப்பனைக்குக் கிளம்பினார். டிரையரில் காய் இருந்தது. எங்கள் காய் இல்லை, மேல்வீட்டு ராசம்மா அக்காவுடையது. ராசம்மா அக்கா எஸ்டேட்டில் கூலி வேலை செய்து, சேர்த்துவைத்த காசில் ஒரு துண்டு நிலம் வாங்கி, ஏலச்செடி வைத்து, மூன்று வருஷம் காத்திருந்து முதன்முதலாக எடுத்த காய். இரண்டு சாக்கு இருக்கும். கொண்டுவந்து வைத்தபோது சாக்குக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். "ராத்திரிவரைக்கும் ஒரே சூடு இருக்கணும்டா. அடுப்ப மட்டும் பாத்துக்க. கதவத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா ஜீப் ஏறினார்.

நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். முகத்தில் சூடு அடித்தது. அப்போதுதான் எனக்குள் இருந்த அறிவியல் வாத்தியார் விழித்துக்கொண்டார். வெப்பம் கூடினால் ஆவியாதல் கூடும். இதை எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். ஈரமான ஏலக்காயை ஒரே நாளில் சுக்காக உலர்த்துகிற அறை கண் முன்னால் இருக்கிறது, நாலு கதவு வீட்டுக்குள் காயாமல் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு பட்டதாரி தேவைப்பட்டிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் பூங்கொடி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வேண்டாங்க. கட்டைக்குள்ள ஈரம் இருக்கு. சூடு பட்டா அது வெளிய வரப் பாக்கும், மேல பெயிண்ட் அடைச்சிருக்கு, பொரிஞ்சு தள்ளும். அதவிட, உள்ள ராசம்மா அக்கா காய் இருக்கு. பெயிண்ட் வாடை ஏறுனா என்ன ஆகும்?"

"காய் தட்டுல இருக்கு. கதவு சுவரோரமா இருக்கப் போகுது. நடுவுல நாலடி. வாடை என்ன நடந்தா போகும்?" என்றேன்.

வாயுக்கள் எல்லாத் திசையிலும் பரவும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். நான் எட்டாம் வகுப்பு வாத்தியார் என்பதால் அது நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

அவள் மூன்று தடவை வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. நான் கீல்களைக் கழற்றி, நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் டிரையருக்குள் சாத்திவைத்து, சீக்கிரம் வேலை முடியட்டும் என்று அடுப்பில் ரெண்டு கட்டை கூடவும் தள்ளினேன். அம்மா வருவதற்குள் மாட்டிவிடலாம், மாமனார் வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

மாமனார் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் ஏதோ நாள் சரியில்லை, ஞாயிற்றுக்கிழமையும் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். மழையில் நனைந்த பிக்கப் வண்டியிலிருந்து தட்டுகள், பழம், புதுத்துணி எல்லாவற்றோடும் இறங்கினார். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் குலுங்கி வந்தவர், "வாங்க மாமா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்: "பாத்ரூம் எங்கிட்டு மாப்ள?"

எங்கிட்டு என்று நான் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. கூடத்தில் நின்றாலே தெரிந்தது.

பூங்கொடி ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நிலையில் ஆணி இல்லை. போர்வையை நிலையிலேயே அழுத்திப் பார்த்தாள், பெயிண்ட் காயாததால் கொஞ்ச நேரம் ஒட்டி நின்றது. (என் பெயிண்ட் அந்த வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம்.) பிறகு அதுவும் விழுந்தது. கடைசியில் வாசலில் இருந்த பெரிய குடையை விரித்து, அடைப்புக்கு நானே குடையோடு முதுகு காட்டி நின்றேன்.

"மாப்ள, இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா."

"திரும்பிராதீங்க."

"சரி மாமா."

"கொஞ்சம் குடைய எறக்கிப் பிடிங்க."

வாழ்க்கையில் ஒரு மாமனாரும் மருமகனும் இந்த அளவுக்கு நெருங்க வேண்டியதில்லை. அவர் வெளியே வந்து நிலையில் ஒற்றை விரலை வைத்தார். விரல்நுனியைப் பார்த்தார். முகர்ந்தார். அங்கே தொங்கிய பச்சைச் செதில் ஒன்றை நகத்தால் தூக்கிப் பார்த்தார். அதன் கீழே அடுத்த செதில் இருந்தது.

"கதவெல்லாம் எங்க மாப்ள?"

"சர்வீசுக்குப் போயிருக்கு மாமா" என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது.

அவர் பதில் சொல்வதற்குள் பின்பக்கத்திலிருந்து ராசம்மா அக்காவின் குரல் கேட்டது. காய் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார்கள். டிரையருக்குப் பூட்டு கிடையாது, வெறும் தாழ்ப்பாள்தான்.

நாங்கள் ஓடியபோது அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த வாடையில் கண் எரிந்தது. நாலு கதவும் அப்பளம் பொரிந்த மாதிரி உப்பி நின்றன. ஒரு கொப்புளம் எங்கள் கண் முன்னாலேயே டப் என்று வெடித்தது. பெயிண்ட் இளகி ஒழுகியதில் ஒரு கதவு சறுக்கித் தட்டுகள் மேல் சாய்ந்திருந்தது. அது சாய்ந்த இடத்தில் ஏலக்காய் கதவில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, சரம் கட்டின மாதிரி அழகாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். ராசம்மா அக்கா நல்ல தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து, பிளந்து, முகர்ந்தார்கள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தார்கள்.

"வாத்தியாரு தம்பி, இது புது பஸ் வாடை அடிக்குதே" என்றார்கள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தக் காயை மடியில் போட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷக் காத்திருப்பை நான் இரண்டு மணி நேரத்தில் நாசம் செய்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் அழவும் முடியவில்லை.

இந்த நேரம் பார்த்து அம்மாவும் கட்டப்பனையிலிருந்து வந்து சேர்ந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் மூக்கு நன்றாகத்தானே இருந்தது. நடு முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

மாமனார் என்னைத் தாண்டிப் போனார். நேராக மகளிடம் திரும்பினார்.

"ஏம்மா, நீ சொல்லலயா?"

எங்கள் எல்லோருக்கும் புரிந்தது, அவர் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. சொன்னேன், இவர் கேட்கவில்லை என்று அவள் சொன்னால் போதும். பெண்ணைத் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டோம் என்று அவர் அன்றே முடிவு கட்டிவிடுவார். பூங்கொடி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நான்தாம்ப்பா டிரையர்ல வைக்கச் சொன்னேன்" என்றாள்.

மாமனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"நீ? ஈரக்கட்டயக் கொண்டுபோய்ச் சூட்டுல வைக்கச் சொன்னவ நீயா? சுரண்டாம பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் நீதானா? பத்து வயசுல ஒரு லாரிக் கதவுல பிரைமர் சரியாக் காயலன்னு எங்கிட்டச் சண்ட போட்டவ நீ. பொய் சொல்றதுன்னா வேற எதையாவது சொல்லு தாயி. தொழில்ல பொய் சொல்லாத."

அவள் தலை குனிந்தாள். எதை நடக்கவே கூடாது என்று சொன்னாளோ அது என் கண் முன்னால் நடந்தது. எனக்காக அப்பாவிடம் பொய் சொல்லி, அதுவும் எடுபடாமல், தலைகுனிந்து நிற்கிறாள். அந்த நிமிஷம் என் மேல் எனக்கு வந்த வெறுப்பைப் போல அதற்கு முன்பு யார்மேலும் வந்ததில்லை.

"மாமா, அவ சொன்னா" என்றேன். "சுரண்டச் சொன்னா. காய வைக்கச் சொன்னா. டிரையர் வேண்டாம்னு மூணு தடவ சொன்னா. ராசம்மா அக்கா காய் கெட்டுப்போகும்னும் சொன்னா. நான்தான் கேக்கல. எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன். கதவு சர்வீசுக்கும் போகல."

"அது தெரியுது மாப்ள" என்றார் அவர்.

அம்மா தட்டுத் தடுமாறி வந்து ராசம்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ராசம்மா, இந்த வாரம் எங்க தோட்டத்துல எடுக்குற காயி உன்னோடது. சாக்குக்குச் சாக்கு. இத நான் என்ன செய்யணுமோ செஞ்சுக்குறேன்." பிறகு மாமனார் நின்ற திசையைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, அவன மட்டும் சொல்லி என்ன? அந்தப் புள்ள அன்னைக்கே வெவரமாச் சொல்லுச்சு. வாத்தியாருக்குத் தெரியாததான்னு அது வாய அடைச்சது நான். கேப்போம்னு உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டு ரெண்டு பேரும் கேக்கல."

மாமனார் பின்பக்கத் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தார். (பிடிக்கும் முன் தூணில் பெயிண்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிடித்தார்.) பிறகு மகளிடம் கேட்டார், "இப்ப என்ன செய்யலாம்? நீ சொல்லு."

பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரையருக்குள் போனாள். ஒரு கதவைத் தட்டிப் பார்த்தாள், விளிம்பைப் பார்த்தாள். "கட்ட ஒண்ணும் ஆகலப்பா. பலாமரம். ஆனா இங்க வச்சு இதக் காய வைக்க முடியாது. நம்மூருக்குக் கொண்டுபோயிருவோம். பட்டறை நெழல்ல நிப்பாட்டினா ஆடிக் காத்துலயே காஞ்சிரும். நான் அங்கதான இருக்கப் போறேன், நானே சுரண்டி அடிச்சிர்றேன்."

அப்படித்தான் எங்கள் வீட்டிலிருந்து ஆடிக்குப் பெண்ணோடு நாலு கதவும் புறப்பட்டன. பிக்கப்பில் பின்னால் கதவுகள், முன்னால் பூங்கொடி. ஏலக்காய் ஒட்டிய கதவை வெளியே தெரியாமல் உள்பக்கமாக வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். கம்பம்மெட்டு செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, என்ன சாமான் இது என்று கேட்டார்களாம். "ஆடிக்கு அழைச்சுட்டுப் போறோம்" என்றாராம் மாமனார். கேட்டவர் பெண்ணை ஒரு தடவை, கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கை காட்டி அனுப்பிவிட்டாராம்.

அந்த ஆடி முழுக்க நானும் அம்மாவும் கதவில்லாத வீட்டில் குடியிருந்தோம். குளிக்கப் போனால் உள்ளே இருக்கிறேன் என்று தெரிவிக்கப் பாட வேண்டியிருந்தது. எனக்குப் பாட்டு வராது, வாய்ப்பாடு சொல்வேன். பதினாறாம் வாய்ப்பாடு முடிவதற்குள் குளித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். மீதி நேரம் ஜன்னல்களைச் சுரண்டினேன். தினமும் சாயங்காலம் போன் போட்டு, இன்றைக்கு இந்த அளவுக்கு மரம் தெரிகிறது, போதுமா என்று பூங்கொடியிடம் கேட்பேன். பெரும்பாலும் போதாது என்பாள். டிரையருக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்து, தட்டுகளை வெந்நீரில் கழுவி, ஒரு வாரம் வெறும் சூடு ஓடவிட்டுத்தான் அம்மா மறுபடி காய் வைத்தார். ராசம்மா அக்கா வந்து முகர்ந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் வைத்தார்.

ஆவணி பிறந்ததும் கதவுகள் வந்தன, பூங்கொடியும் வந்தாள். கதவைத் தடவினால் விரல் வழுக்கியது. அம்மா கண் ஆபரேஷன் முடிந்து பார்த்த முதல் புதுப் பொருள் அதுதான். மாமனார் கூடவே வந்து கீல்களை மாட்டிவிட்டு, பாத்ரூம் கதவை நாலைந்து தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சாப்பிட்டுவிட்டு ராத்திரி தங்கியும் போனார். பெண் கொடுத்த வீட்டில் அவர் தங்கியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு பன்னிரண்டு ஆடி போய்விட்டது. இன்றைக்கும் நான் எதைத் தொடங்கினாலும் அம்மா கேட்பது ஒரே கேள்வி: "பூங்கொடிகிட்டக் கேட்டியா?" மோட்டார் ரிப்பேர் என்றாலும் அதே கேள்வி, மகளுக்கு டியூஷன் சேர்ப்பதென்றாலும் அதே கேள்வி. ராசம்மா அக்காவும் கேட்கிறார்கள். அக்காவுக்கு இப்போது இரண்டு ஏக்கர் இருக்கிறது, கேட்கிற உரிமையும் இருக்கிறது. அம்மாவும் அக்காவும் சேர்ந்து ஊர் முழுக்க இதைப் பரப்பிவிட்டார்கள்.

போன மாசம் ஸ்கூல் லேபில் கண்ணாடிச் சாமான்களின் தூசி தட்ட ஒரு பிரஷ் வாங்கலாம் என்று ஜங்ஷன் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ரெண்டு இஞ்ச் பிரஷ் ஒன்று கேட்டேன். கடைக்கார சேட்டன் பிரஷை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், கொடுக்கவில்லை.

"ஒரு மினிட்டு, மாஷே" என்று மலையாள வழக்கில் வாத்தியாரை அழைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"சேச்சி, மாஷ் வந்திருக்கு. பிரஷ் வேணுமாம்."

"எதுக்காம்?" என்றாள் பூங்கொடி.

"லேபுல தூசி தட்டவாம்."

"பெயிண்ட் ஒண்ணும் கேக்கலயே?"

"இல்ல சேச்சி. பிரஷ் மாத்திரம். ரெண்டு இஞ்ச்."

"ஒரு இஞ்ச் போதும்னு சொல்லுங்க."

கடையில் நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவன் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். நான் ஒரு இஞ்ச் பிரஷ் வாங்கிக்கொண்டு வந்தேன். வெளியே சொல்லக்கூடாதுதான், ஆனால் குடுவையின் கழுத்துக்குள் போக அதுதான் சரியாக இருந்தது.